பகுதிச் சபையில் வைக்கும் கோரிக்கை வேலையாக மாற: ஒரு செய்முறை

கிராமங்களில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. மாநகராட்சி, நகராட்சி எல்லைக்குள் குடியிருப்பவர்களுக்கு அப்படியோர் இடம் கிடைக்க நெடுங்காலம் ஆனது. நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கான 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் வார்டு குழுவுக்கும், வார்டின் ஒவ்வொரு பகுதியிலும் வாக்காளர்கள் கூடிப் பேசும் பகுதிச் சபைக்கும் வழிசெய்யும் சட்டத்திருத்தம் 2010-இல் வந்தது. விதிகள் வந்தது 2022-இல்தான். அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சிகள் தினத்தன்று முதல் கூட்டங்கள் நடந்தன. தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த கூட்டத்தில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் கலந்துகொண்டார்.

இத்தனை ஆண்டு காத்திருந்து கிடைத்த சபையை நம்மில் பலர் குறைதீர் முகாமாகவே பயன்படுத்துகிறோம். எழுந்து நின்று கொட்டித் தீர்க்கிறோம், கவுன்சிலர் "பார்க்கலாம்மா" என்கிறார், கூட்டம் கலைகிறது. குப்பை எடுக்காதது, விளக்கு எரியாதது, நாய்த்தொல்லை போன்றவற்றுக்குச் சபை வேண்டாம். சென்னையில் 1913 இருக்கிறது, மற்ற ஊர்களில் நகராட்சிப் புகார் எண் இருக்கிறது, மாநிலம் முழுமைக்கும் 1100 இருக்கிறது. அங்கே புகார் எண் வாங்கிக்கொள்ளலாம். அடுத்து எந்த வேலை நடக்க வேண்டும், எது முதலில், எந்த இடத்தில் என்று முடிவெடுப்பதுதான் சபையின் வேலை. வேலைகளுக்கு முன்னுரிமை தருவது, நலத்திட்டத்துக்குத் தகுதியானவர்களை அடையாளம் காண்பது, தெருவிளக்கும் பொதுக்குழாயும் பொதுக்கழிப்பறையும் எங்கே வர வேண்டும் என்று சொல்வது எல்லாம் சபையின் பணிகளாகச் சட்டத்திலேயே இருக்கின்றன.

யார் உறுப்பினர், எப்போது கூடும்

அந்தப் பகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எல்லோரும் உறுப்பினர். சொந்த வீடா வாடகையா என்பது கணக்கில்லை. குடியிருப்போர் நலச் சங்கத்தில் சந்தா கட்டினீர்களா என்பதும் கணக்கில்லை. தேர்தல் ஆணையம் வாக்காளர் பட்டியலில் செய்த சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் (SIR) பிறகு அதில் உங்கள் பெயர் இருக்கிறதா, எந்த பாகத்தில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். வாடகை வீட்டில் இருப்பவர்களின் பெயர்கள்தான் விடுபட வாய்ப்பு அதிகம். அவர்களுக்கும் சொல்லுங்கள்.

மக்கள்தொகை 5 லட்சத்துக்குக் குறைவான ஊரில் ஒரு வார்டு நான்கைந்து பகுதிகளாகப் பிரியும். 5 முதல் 10 லட்சம் என்றால் ஆறு முதல் ஒன்பது, அதற்கு மேல் பத்து. சென்னையின் 200 வார்டுகளுக்கு 2,000 பகுதிகள் என்பது இந்தக் கணக்கில்தான். சென்னையில் ஒரு பகுதியில் சராசரியாக மூவாயிரம் சொச்சம் பேர் இருப்பார்கள். ஒருவருக்கொருவர் முகம் தெரிந்து பேசக்கூடிய அளவு இது. பகுதிகளின் பிரதிநிதிகள் வார்டு குழுவில் உறுப்பினர்கள், வார்டு கவுன்சிலர் அதன் தலைவர். இந்தப் பிரதிநிதிகளுக்குத் தேர்தல் கிடையாது, கவுன்சிலர்கள் அடங்கிய மன்றம் நியமிக்கிறது. பல இடங்களில் கவுன்சிலருக்கு வேண்டியவர்களே அந்த இடத்தில் இருப்பதற்குக் காரணம் இதுதான். பிரதிநிதி யாராக இருந்தாலும், கூட்டத்தில் பேசவும் தீர்மானம் முன்வைக்கவும் உங்களுக்குள்ள உரிமை குறையாது.

கூட்டத்துக்குக் குறிக்கப்பட்ட நாட்கள் நான்கு: ஜனவரி 25, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10. நடைமுறையில் தேதி தள்ளிப்போவதும், நவம்பர் 1-ஐ ஒட்டிக் கூட்டப்படுவதும் உண்டு. நான்கும் ஒரே மாதிரி கூட்டங்கள் என்று நினைத்தால் ஆண்டு முழுவதும் வீணாகும். உள்ளாட்சிகளின் வரவு செலவுத் திட்டம் பிப்ரவரி, மார்ச்சில் மன்றத்துக்கு வருகிறது. அதற்கான பட்டியலை அதிகாரிகள் தயாரிப்பது அதற்கு முந்தைய சில மாதங்களில். ஆகவே பணம் அதிகம் தேவைப்படும் புதிய வேலையைச் செப்டம்பர் கூட்டத்தில் வையுங்கள். டிசம்பரில் அதன் செலவு மதிப்பீடு தயாரா என்று கேளுங்கள். ஜனவரி 25 அன்று முதன்முறையாக வைக்கப்படும் வடிகால் கோரிக்கை பெரும்பாலும் அடுத்த ஆண்டுக்குப் போய்விடும். ஏப்ரலில் பட்ஜெட் நகலை எடுத்துக்கொண்டு போய், எது வந்தது, எது விடுபட்டது என்று கேளுங்கள்.

கூட்டத்துக்கு ஐந்து வாரம் முன்பு

கூட்ட அறிவிப்பு தாமதமாகத்தான் கையில் கிடைக்கும். அதற்காகக் காத்திருக்காமல், குறித்த தேதியிலிருந்து ஐந்து வாரம் பின்னோக்கி எண்ணித் தொடங்குங்கள்.

முதல் வேலை, தெருவை அளப்பது. நான்கைந்து பேர், 30 மீட்டர் டேப் ஒன்று, நோட்டுப் புத்தகம், போன். ஒரு ஞாயிறு காலை போதும். விளக்கு எரியாத கம்பம் என்றால் கம்ப எண்ணைக் குறியுங்கள். விளக்கே இல்லாத இடம் என்றால் இரண்டு கம்பங்களுக்கு இடையே எத்தனை மீட்டர் என்று அளந்து குறியுங்கள். நடைபாதை உடைந்த இடத்துக்குக் கதவு எண்ணும் நீளமும் வேண்டும். படத்தில் தேதியும் இடமும் விழும்படி போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

மழைநீர் நிற்கும் தெரு என்றால் அளவு இன்னும் கவனமாக வேண்டும். மழை நின்ற உடனே ஒரு முறை, ஆறு மணி நேரம் கழித்து ஒரு முறை, பன்னிரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை என்று ஒரே இடத்தில் குச்சி நட்டு ஆழத்தைக் குறியுங்கள். "இடுப்பளவு தண்ணீர்" என்பதை எந்தப் பொறியாளரும் மதிப்பீட்டில் எழுத முடியாது. "12 மணி நேரம் கழித்தும் 20 செ.மீ." என்றால் எழுதலாம். வடிகால் இருந்தும் நீர் நிற்கிறதென்றால் பெரும்பாலும் மூன்றில் ஒன்று காரணமாக இருக்கும். வடிகால் பாதியில் முடிந்து, பெரிய வடிகாலுடனோ கால்வாயுடனோ இணையாமல் இருக்கலாம். சாலை நீர் உள்ளே இறங்கும் தொட்டியில் மண் அடைத்திருக்கலாம். அல்லது வடிகாலின் வாய் சாலை மட்டத்தைவிட உயரத்தில் இருக்கலாம். மூடியைத் திறக்காமலே முதலாவதையும் மூன்றாவதையும் கண்ணால் பார்த்துவிடலாம். எது காரணம் என்று தெரியாமல் "வடிகால் வேண்டும்" என்று கேட்டால், இணைப்பே இல்லாத இன்னொரு வடிகால் வரும். செலவும் ஆகும், தண்ணீரும் நிற்கும்.

வடிகால் மூடியை நீங்களே திறக்க வேண்டாம். பாதாளச் சாக்கடை மூடிக்குப் பக்கத்திலேயே போக வேண்டாம். உள்ளே இருக்கும் விஷவாயு உயிரைப் பறிக்கும். அதற்குள் மனிதரை இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பதும் சட்டவிரோதம். இயந்திரம் கொண்டு செய்ய வேண்டும் என்றே தீர்மானத்தில் எழுதுங்கள்.

இரண்டாவது வேலை, அது யாருடைய பொறுப்பு என்று தெரிந்துகொள்வது. பாதிக் கோரிக்கைகள் இங்கேதான் சாகின்றன. சென்னையில் மழைநீர் வடிகாலும் தெருவிளக்கும் மாநகராட்சியுடையவை. குடிநீரும் கழிவுநீரும் குடிநீர் வாரியத்துடையவை, அதன் புகார் எண் 1916. கூவம், அடையாறு போன்றவை நீர்வளத் துறையின் கையில். மின்கம்பியும் மின்மாற்றியும் மின்வாரியத்தின் பொறுப்பு. ஊருக்குள் ஓடும் பெரிய சாலை நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருக்கலாம். மற்ற ஊர்களில் குடிநீர் வழங்குவது பெரும்பாலும் நகராட்சியே. வார்டு உதவிப் பொறியாளரிடம் நேரில் போய், "இந்தச் சாலை யார் வசம் இருக்கிறது?" என்று ஒரே கேள்வி கேட்டுப் பதிலைக் குறித்துக்கொள்ளுங்கள். வேறு துறையுடையது என்றாலும் சபையில் வைக்கலாம். அப்போது "அத்துறைக்கு ஆணையர் கடிதம் எழுத வேண்டும்" என்று தீர்மானத்தை எழுத வேண்டும். "சாலை போட வேண்டும்" என்று எழுதினால், "எங்களுடையது இல்லை" என்ற ஒரே வரியில் பதில் வந்துவிடும்.

மூன்றாவது வேலைதான் கடினம்: குறைப்பது. ஏழெட்டுத் தெருவில் நாற்பது கோரிக்கை கிடைக்கும். மூன்றுக்கு மேல் கொண்டு போகாதீர்கள். நாற்பதும் வைத்தால் எழுதுபவர் "பல்வேறு அடிப்படை வசதிகள் கோரப்பட்டன" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார், எதுவும் நிற்காது. எந்த மூன்று என்று முடிவு செய்யும் இடத்தில் தாழ்வான தெருவில் இருப்பவர்களும், கழிப்பறைக்கு வரிசையில் நிற்பவர்களும், வீட்டுவேலைக்குப் போகும் பெண்களும் இருக்க வேண்டும். இவர்கள் இல்லாமல் முடிவெடுத்தால் பூங்காவுக்குப் புது நடைபாதையும் அலங்கார விளக்கும்தான் முதலில் வரும். மேட்டுத் தெருவின் மழைநீர் முழுவதும் போய்ச் சேரும் தெருவின் கோரிக்கையை முதலாவதாக வையுங்கள். அது நியாயம், பொறியியலும் அதைத்தான் கேட்கிறது. தாழ்ந்த முனையில் வழி பிறந்தால் மேலே உள்ள தெருக்களும் வடியும்.

தீர்மானத்தை வீட்டிலேயே எழுதுங்கள்

கூட்டத்தில் பேசுவதைக் கேட்டு யாரோ சரியாக எழுதிக்கொள்வார்கள் என்று நம்ப வேண்டாம். ஒவ்வொரு கோரிக்கையும் தனித்தாளில், இப்படி:

"பிள்ளையார் கோயில் 2-ஆவது குறுக்குத் தெருவில், கதவு எண் 14 முதல் 38 வரை சுமார் 120 மீட்டருக்கு மழைநீர் வடிகால் இல்லை. மழை நின்று 12 மணி நேரம் கழித்தும் கதவு எண் 22-க்கு எதிரே 20 செ.மீ. தண்ணீர் நிற்கிறது. இத்தெருவில் வடிகால் அமைத்து, மெயின் ரோட்டு வடிகாலுடன் இணைப்பதற்கு மதிப்பீடு தயாரித்து, வரும் நிதியாண்டின் வரவு செலவுத் திட்டத்தில் சேர்க்க வேண்டும் என இச்சபை தீர்மானிக்கிறது. மதிப்பீட்டின் நிலையை அடுத்த சபைக் கூட்டத்தில் உதவிப் பொறியாளர் தெரிவிக்க வேண்டும்."

இதில் ஐந்து பகுதிகள் இருக்கின்றன: இடம், அளவு, வேலை, பணம் எந்த ஆண்டுக்கு, யார் எப்போது பதில் சொல்வது. கடைசி வாக்கியத்தைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லையென்றால் அடுத்த கூட்டத்தில் இதை யாரும் எடுக்க மாட்டார்கள். "ஆவன செய்ய வேண்டுகிறோம்" என்று முடிக்காதீர்கள். அந்தச் சொற்றொடருக்கு எந்தப் பொறியாளரும் மதிப்பீடு போட முடியாது.

சாலை கேட்டால் ஒரு வரி கூடுதலாக வேண்டும்: பழைய தார்ப் பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, அதாவது மில்லிங் செய்த பிறகே, புதிய சாலை போட வேண்டும். மில்லிங் இல்லாமல் மேலே மேலே போட்டால் ஒவ்வொரு முறையும் சாலை உயர்ந்து, வீட்டு வாசல் பள்ளமாகிவிடும். மேலே சொன்ன வடிகால் கோளாறுகளில் பலவும் இங்கிருந்து தொடங்குபவையே. வேலை தொடங்குமுன் மூன்று வீடுகளின் வாசற்படி சாலையிலிருந்து எத்தனை செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்று அளந்து படம் எடுத்து வையுங்கள். வேலை முடிந்ததும் அதே மூன்று இடத்தில் அளந்தால் உண்மை தெரிந்துவிடும்.

கூட்டத்தில்

அரை மணி நேரம் முன்னதாகப் போய் முன்வரிசையில் கலந்து உட்காருங்கள். வருகைப் பதிவேட்டில் எல்லோரும் பெயர், தெரு, கையெழுத்துடன் பதியுங்கள். பதிவேடு வெறுமையாக இருந்தால் பிறகு அதில் யார் பெயரையும் சேர்க்க முடியும். ஒரு கோரிக்கைக்கு ஒருவர், இரண்டு நிமிடம். அந்தத் தெருவில் வசிப்பவரே பேசட்டும். சங்கத் தலைவர் எல்லாவற்றையும் பேசினால் அது சங்கத்தின் மனுவாகிவிடும், சபையின் முடிவாகத் தெரியாது.

பேசி முடித்ததும் உட்கார்ந்துவிடக் கூடாது. "இது எப்படிப் பதிவாகியிருக்கிறது, வாசித்துக் காட்டுங்கள்" என்று கூட்டக் குறிப்பு எழுதுபவரிடம் கேளுங்கள். கூட்டத்தின் மொத்த வேலையும் இந்த ஒரு வாக்கியத்தில்தான் இருக்கிறது. வாசித்ததில் இடமோ அளவோ விடுபட்டிருந்தால், எழுதிக் கொண்டுவந்த தாளைக் கொடுத்து, "இதை அப்படியே சேர்க்க வேண்டும், சபை ஏற்கிறதா?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேளுங்கள். கை தூக்கியவர்களின் எண்ணிக்கையும் குறிப்பில் ஏற வேண்டும்.

மனுவை இரண்டு பிரதியாகக் கொண்டு போங்கள். ஒன்றில் தேதியுடன் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். தர மறுத்தால் சண்டை வேண்டாம். அன்றே ஆணையருக்கு, பேரூராட்சி என்றால் செயல் அலுவலருக்கு, ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டம் திசை மாறும் இடங்களும் தெரிந்திருக்க வேண்டும். யாராவது சொந்தப் பட்டா, குடும்ப அட்டை, பக்கத்து வீட்டுத் தகராறு என்று தொடங்கினால் நேரம் போய்விடும். அவருக்குத் திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளைச் சொல்லி, கூட்டம் முடிந்து உதவுவதாக வாக்குக் கொடுங்கள், கொடுத்த வாக்கைக் காப்பாற்றுங்கள். கட்சித் தகராறு கிளம்பினால் அதில் சேராமல், "அடுத்த தீர்மானம்" என்று தாளை நீட்டுங்கள். கவுன்சிலரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் பேச்சு கைதட்டல் வாங்கும், வேலையைக் கெடுக்கும். வார்டு மேம்பாட்டு நிதியில் எந்த வேலை என்று சொல்வதும், மன்றத்தில் உங்களுக்காக எழுந்து பேசுவதும் அவர்தான். அளவும் படமும் உள்ள ஒரு தாளை அவர் கையில் கொடுத்தால், மன்றத்தில் வாதாட அவருக்கும் அது உதவும்.

கூட்டத்துக்குப் பிறகு

தீர்மானம் நிறைவேறியதும் வேலை பாதி முடிந்துவிட்டதாகத் தோன்றும். உண்மையில் கோப்பு அப்போதுதான் பிறக்கிறது. வார்டு குழு, அதன்பின் உதவிப் பொறியாளரின் மதிப்பீடு, தொழில்நுட்ப அனுமதி, நிர்வாக அனுமதி, ஒப்பந்தப்புள்ளி, வேலை ஆணை, பணி, முடிந்த வேலையின் அளவைப் பொறியாளர் எழுதும் அளவீட்டுப் புத்தகத்தில் பதிவு, பில். இந்த வரிசையில் கோப்பு அதிகம் தூங்கும் இடம் மதிப்பீடு. மாதம் ஒரு முறை பொறியாளரைப் பார்த்து, "மதிப்பீடு போட்டாயிற்றா, எவ்வளவு, எந்த நிதித் தலைப்பு?" என்று கேட்டுத் தேதியுடன் குறியுங்கள். "நிதி இல்லை" என்றால் அதை எழுத்தில் கேளுங்கள். ஒப்பந்தப்புள்ளி விவரங்கள் மாநில அரசின் இணைய டெண்டர் தளத்தில் வெளியாகும். வார்டு எண், தெருப் பெயர் கொண்டு தேடலாம்.

வாய்மொழிப் பதில் நின்றுபோகும்போது தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. பிரிவு 6(1)-இன் கீழ் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பம், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி. இணையத்திலும் அனுப்பலாம். "ஏன் செய்யவில்லை?" என்று கேட்காதீர்கள். காரணம் கேட்டால் அது தகவல் இல்லை என்று திருப்பிவிடுவார்கள். ஆவணத்தின் நகலைக் கேளுங்கள்: குறிப்பிட்ட தேதியில் நடந்த பகுதிச் சபைக் கூட்டத்தின் வருகைப் பதிவேடு, கூட்டக் குறிப்பு, அதன் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கைக் கோப்பு, வேலையின் மதிப்பீடு, வேலை ஆணை, அளவீட்டுப் புத்தகப் பக்கங்கள். நகல் பக்கத்துக்கு 2 ரூபாய். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ முழுமையாக இல்லாவிட்டாலோ 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்குக் கட்டணம் இல்லை. அதுவும் பலிக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்தில் இரண்டாவது மேல்முறையீடு.

இதே சட்டத்தின் பிரிவு 2(j)-இல் 'தகவல் அறியும் உரிமை' என்பதன் விளக்கம் இருக்கிறது, அதைத் தேடிப் படியுங்கள். வேலையை நேரில் பார்வையிடுவதும், பயன்படுத்திய பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைப் பெறுவதும் அந்த உரிமைக்குள் அடங்கும். மதிப்பீட்டில் தார்ப் பரப்பு எத்தனை மில்லிமீட்டர் என்று இருக்கும். போட்டிருப்பது அவ்வளவு கனம்தானா என்று பார்க்க உங்களுக்குச் சட்டமே வழி தருகிறது. கோப்பைப் பார்வையிட முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. என்ன கேட்பது என்று தெரியாதபோது, நகல் கேட்பதற்கு முன் கோப்பைப் பார்ப்பது நல்லது. தேவையான நான்கு பக்கத்தை மட்டும் நகல் எடுக்கலாம்.

கூட்டமே நடக்கவில்லை என்றால்? முதலில் ஆணையருக்குக் கடிதம், நகல் நகராட்சி நிர்வாக இயக்குநருக்கு, கூடவே 1100-இல் ஒரு பதிவு. பிறகு, கடந்த நான்கு கூட்டங்களின் தேதி, இடம், அறிவிப்பு நகல், வருகைப் பதிவேடு ஆகியவற்றைத் தகவல் உரிமையில் கேளுங்கள். நடக்காத கூட்டத்துக்குப் பதிவேடு வந்தால், அதில் கையெழுத்துப் போட்டதாக உள்ளவர்களிடம் கேட்டு எழுதி வாங்கி ஆணையருக்கு அனுப்புங்கள். காகிதத்தில் நடத்தும் பழக்கத்தை நிறுத்த இதைவிட வலுவான கருவி கிடையாது.

எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள்: அளவுகள், படங்கள், தீர்மானத் தாள், முத்திரை வாங்கிய பிரதி, தகவல் உரிமைப் பதில்கள். அந்தக் கோப்பின் நகல் வேறு தெருவில் இன்னொருவர் வீட்டிலும் இருக்கட்டும். 2022 மார்ச்சில் பொறுப்பேற்ற மன்றங்களின் ஐந்தாண்டுக் காலம் 2027 தொடக்கத்தில் முடிகிறது. 2016 அக்டோபரில் மன்றங்கள் கலைந்த பிறகு அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. இடையில் இருந்தவர்கள் தனி அலுவலர்கள், கவுன்சிலர் என்று யாரும் இல்லை. தேர்தல் நடத்தை விதி வந்துவிட்டாலும் புதிய வேலைக்கு ஆணை கிடைக்காது. ஆகவே வேலை ஆணை வரை வந்துவிட்ட கோரிக்கையை அறிவிப்புக்கு முன்பே தொடங்க வைக்கப் பாருங்கள். மதிப்பீட்டில் நிற்பவற்றைத் தனிப் பட்டியலாக்கி, வாக்குக் கேட்டு வரும் ஒவ்வொரு வேட்பாளர் கையிலும் கொடுங்கள். புதிய மன்றத்தின் முதல் பகுதிச் சபையில் பழைய தீர்மான எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு அவற்றையே முதலில் எடுக்கச் சொல்லுங்கள்.